அப்பாருவின் இரட்டைக்குழலும் ஒன்றரை அங்குலக் கட்டையும்

தேர்தல் தேதியை அறிவித்ததும் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது துப்பாக்கிதான்.

பழைய போர்வையில் சுற்றி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் வைத்துக் கட்டி, அப்பாரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை அதை ஒப்படைத்துவிட வேண்டும். ரசீதை டைரிக்குள் பத்திரப்படுத்துவார். ஓட்டு எண்ணிக்கை முடிந்த பிறகு போய்த் திரும்ப வாங்கி வருவார். எத்தனையோ தேர்தல்களுக்கு இதே போக்குவரத்துதான். ஆட்சிகள் மாறின, போர்வை மாறவில்லை.

அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. எங்கள் ஊர்ப் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனைமலை அடிவாரத்தில் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நிலக்கடலை. கடலை விளைகிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கும். அப்பாரு வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். பன்றிகள் ஓடிவிடும். வருடத்துக்கு இரண்டு, மூன்று தோட்டாதான் செலவு.

2021 சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அவருக்கு 79 வயது. முழங்கால் வலியால் வண்டி ஓட்ட முடியவில்லை. அப்பாதான் துப்பாக்கியைக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார். “ஏனுங்கப்பா, இதைய வெச்சுட்டு இனி என்ன பண்றது? ஒரேயடியா சரண்டர் பண்ணிப்போடலாமுங்க.”

அப்பாரு பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடியும் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், ‘எனக்கு இஷ்டமில்லை, ஆனால் சண்டை போடவும் தெம்பில்லை.’

நான் அப்போதுதான் டிப்ளமோ முடித்து டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்திருந்தேன். அந்த மார்ச் மாதம்தான் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் பதக்கங்கள் வென்ற செய்தி வந்தது. அதற்குத் துணைச் செய்தி எழுதுவதற்காகப் படித்தபோது, அஜித் சுட்டது பிஸ்டல் என்றும், அப்பாருவிடம் இருப்பதைப் போன்ற ஷாட்கன்னுக்குத் தனியாகப் போட்டிகள் உண்டு என்றும் தெரிந்துகொண்டேன். பறக்கிற தட்டைச் சுட வேண்டும். ‘ட்ராப்’, ‘ஸ்கீட்’ என்று இரண்டு வகை. ட்ராப்பில் இந்தியாவுக்காக விளையாடும் பிரித்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர்.

அன்று இரவு போன் செய்து, “அப்பாரு, துப்பாக்கிய நான் வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “வெச்சு என்ன அம்மிணி பண்ணுவ?”

“தட்டு சுடப் போறேன்.”

“எந்தத் தட்டு? சோறு திங்கற தட்டா?”

ஒன்றரை வருடக் காகிதம்

2016 ஆயுத விதிகளில் ஒரு வசதி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்பாருவுக்கு இரண்டுமே பொருந்தியது. குடும்பத்தில் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க, போலீஸ் விசாரணை, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், கலெக்டர் அலுவலகம் என்று ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. விசாரணைக்கு வந்த ஏட்டையா அம்மாவிடம், “பொண்ணுக்குத் துப்பாக்கியா? மாப்பிள்ளை கிடைக்கிறது கஷ்டமாச்சேம்மா” என்றார். அம்மா காபி கொடுத்தபடியே, “பயந்த மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாமுங்க” என்றார். அம்மா என் பக்கம் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2023 தொடக்கத்தில் லைசென்ஸ் கைக்கு வந்தது. அதே வேகத்தில் ஒரு பெட்டி தோட்டாவும் வாங்கிவிட்டேன். ‘12 போர், 24 கிராம்’ என்று பார்த்துத்தான் வாங்கினேன். சர்வதேசப் போட்டிகளில் 24 கிராம் ஈயக்குண்டுதான் உச்சவரம்பு. 12 போர் துப்பாக்கிக்கு 12 போர் தோட்டா. வேறென்ன பார்க்க வேண்டும்?

வீட்டில் செய்யக் கூடாத ஒரு காரியத்தையும் செய்தேன். குழலைத் திறந்து ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் கச்சிதமாக உட்கார்ந்தது. ‘சரியாத்தான் இருக்கு’ என்று வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

நல்லவேளை, நேராக ரேஞ்சுக்குப் போகவில்லை. பழைய துப்பாக்கி, ஒருமுறை காட்டிவிடலாம் என்று கோவையில் துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள ஒரு பாயிடம் கொண்டுபோனேன்.

கிரீடம், இரண்டு எழுத்து, ஓர் எண்

பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு மூன்று துண்டாகக் கழற்றினார். குழல்களை மட்டும் அடிப்பக்கத்துக் கொக்கியில் ஒற்றை விரலால் தொங்கவிட்டு, சின்ன மரத்துண்டால் தட்டினார்.

‘டிங்ங்’ என்று கோயில் மணி போல ஒரு ஓசை நீண்டது.

“நல்லா இருக்கு பாப்பா. இரண்டு குழலையும் சேர்த்துப் பத்தவெச்ச ஈயம் எங்கயாவது விட்டிருந்தா, உடைஞ்ச பானை மாதிரி சத்தம் வரும்.”

பிறகு குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். உள்ளே ஒளி வளையம் வளையமாகத் தெரியும். எங்காவது நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் வளையம் கோணிக்கொள்ளும். துருக்குழி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டும். அடுத்து, குழலின் சுவர் எவ்வளவு கனம் என்று ஒரு கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்தார். குழலை மறுபடி மாட்டி, முன்கட்டை இல்லாமல் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

கடைசியாக, குழலின் அடியில் இருந்த குட்டிக் குட்டி முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் எனக்குக் காட்டினார். ஒரு கிரீடம், அதன் கீழே என்.பி. என்ற எழுத்துகள். பக்கத்தில் 2½ என்ற எண்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813-ல் தொடங்கிய சோதனைச் சாலை இன்றும் இருக்கிறது. வழக்கமான அளவைவிட அதிக அழுத்தம் தரும் வெடியைப் போட்டுச் சுடுவார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். நகைக்கு ஹால்மார்க் மாதிரி துப்பாக்கிக்கு இது. என்.பி. என்றால், இன்றைக்குப் பயன்படும் புகையில்லா வெடிமருந்தைத் தாங்கும் என்று சோதித்தது என அர்த்தம். 2½ என்பது, தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் என்பது.

“நீ வாங்கின தோட்டா எங்கே?”

பெருமையாக எடுத்து நீட்டினேன். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார். ‘70 மி.மீ.’ பெட்டியை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இதை இந்தத் துப்பாக்கியில போடக் கூடாது.”

“ஆனா உள்ளே போச்சே பாய்?”

“உள்ளே போகும். அதுதான் ஆபத்து.”

தோட்டாவின் வாய் மடித்து மூடியிருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 70 என்ற அளவு, வெடித்து மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டா 60 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அதனால் 65 அறைக்குள் சுலபமாகப் போய்விடும். வெடிக்கும்போதுதான் வம்பு. மடிப்பு விரிய இடமில்லாமல், குழல் குறுகுகிற இடத்துக்குள் போய் நெருக்கும். குண்டுகள் வெளியேறும் வாசல் சிறுத்து, உள்ளே அழுத்தம் ஏறும். விசில் ஓட்டையில் பருப்பு அடைத்துக்கொண்ட குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குக்கரைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருப்பதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான் ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பாய் கொடுத்த டீ ஆறிப்போகும்வரை கையிலேயே இருந்தது.

“அறையை 70-க்கு நீளமாக்கிட முடியாதா?” என்று கேட்டேன்.

“கடைஞ்சா நீளமாகும். ஆனா அந்த இடத்துல குழல் கனம் குறையும். அந்த முத்திரை இப்ப இருக்கிற இரும்புக்குக் குத்தினது. நான் கடைஞ்ச பிறகு அது பொய்யாயிடும்” என்றார். பிறகு அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். “மரத்துல என்ன வேணா கேளு, செய்யறேன். இரும்பைத் தொடச் சொல்லாதே.”

குழல் முனையை அளந்தபோது ஒரு நல்ல செய்தி. ஷாட்கன் குழலின் நுனி கொஞ்சம் குறுகலாக இருக்கும். ‘சோக்’ என்பார்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகுமே, அதே வேலை. அப்பாரு துப்பாக்கியின் வலது குழலில் பாதிக் குறுகல், இடதில் முழுக் குறுகல். பக்கத்திலேயே தட்டு குறுக்கே பறக்கும் ஸ்கீட்டுக்கு இவ்வளவு குறுகல் ஆகாது. ஆனால் தட்டு நம்மைவிட்டு விலகி ஓடும் ட்ராப்புக்கு இது தோதானது. முதல் குண்டு வலது, தவறினால் தூரம் போய்விட்ட தட்டுக்கு இடது. இரண்டு விசை இருப்பதால் இரண்டில் எது வேண்டுமோ அதை இழுக்கலாம். ஆக, நான் ட்ராப் சுடப் போகிறேன் என்பதைத் துப்பாக்கியே முடிவு செய்துவிட்டது. ஒரே நிபந்தனை, ஈயக்குண்டு மட்டும்தான். எஃகுக் குண்டு இந்தக் காலத்துக் குழல்களுக்கு உரியது. பழைய குறுகல் குழலில் போட்டால் குழல் கெட்டுப்போகும்.

துரை குட்டை

அடுத்தது என் உடம்பு. பாய் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். விசை எட்டவே நான் கையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பாரு ஆறடி. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். விசையிலிருந்து கட்டையின் முடிவுவரை 15 அங்குலம் இருந்தது.

“ஒன்றரை அங்குலம் குறைக்கணும். அரை அங்குலத்துக்கு ரப்பர் மெத்தை போடலாம். இது எடை குறைஞ்ச துப்பாக்கி. போட்டித் துப்பாக்கி நாலு கிலோ பக்கம் இருக்கும், அதோட கனமே உதையை வாங்கிக்கும். இது மூணு கிலோதான், மெத்தை இல்லாம உன் தோள் தாங்காது.”

குறைக்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டும். அறுத்தால் ஒட்ட முடியாது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து போன் செய்தேன். துப்பாக்கியை சரண்டர் செய்யச் சொன்ன அதே அப்பா, “பரம்பரைச் சொத்த ஆராச்சும் அறுப்பாங்களா?” என்று கொதித்தார். அப்பாருவிடம் போன் போனது.

“அறுத்துக்கோ அம்மிணி.”

“இல்லீங்க அப்பாரு, உங்க ஞாபகமா...”

“அட, அந்தக் கடைசித் துண்டே நான் ஒட்டுனதுதான்.”

1968-ல் வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது அவரிடம் வாங்கிய துப்பாக்கி அது. “துரை குட்டை. என்ற தோளுக்குத்தான் வருவாரு. அவரு துப்பாக்கிய நான் புடிச்சா மூக்குல இடிக்கும். நம்மூரு ஆசாரிகிட்டக் குடுத்து ஈட்டி மரத்துல ஒரு துண்டு வெச்சு நீட்டுனேன்.” இதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீ கேக்கவே இல்லையே?” என்றார்.

உள்ளே போய்ச் சொன்னதும் பாய் சிரித்தார். அடிப்பலகையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தார். பாலிஷுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அந்தப் பக்கம் வால்நட், இந்தப் பக்கம் ஈட்டி. இரண்டு திருகாணி, கொஞ்சம் வஜ்ரம். ஐம்பது வருடத்துக்கு மேல் அசையாமல் இருந்திருக்கிறது. “அந்த ஆசாரி கை நல்ல கை” என்றார் பாய், துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

அளந்தார். சரியாக ஒன்றரை அங்குலம்.

அப்பாருவின் துண்டைக் கழற்றியதும் துப்பாக்கி துரை வைத்திருந்த நீளத்துக்குப் போனது. ரப்பர் மெத்தை ஒட்டியதும் என்னுடையதானது. அடித்து அடித்து மழுங்கியிருந்த ஊசிகளையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்றினார். அவை தேய்கிற சாமான்கள், மாற்றத்தான் வேண்டும். காகிதத்தில் தைத்து வந்த காயின் போல ஒரு விஷயம் மட்டும் பாக்கி என்றார். அது ரேஞ்சுக்குப் போனால்தான் தெரியுமாம்.

பர்ட்!

65 மி.மீ. அறைக்கான 24 கிராம் தோட்டா கிடைக்க மூன்று மாதம் ஆனது. கடைக்காரர் போன் செய்த அன்று தீபாவளிக்கு பட்டாசு வாங்கிய குழந்தை போல ஓடினேன்.

ரேஞ்சில் தட்டைப் பார்த்ததும் முதல் ஏமாற்றம். அது களிமண்ணே இல்லை. சுண்ணாம்புக் கல் தூளையும் தார் போன்ற ஒரு பிசினையும் சேர்த்து வார்த்தது. 11 சென்டிமீட்டர் அகலம், 100 கிராமுக்குச் சற்று மேலே எடை. 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி செய்த முதல் தட்டுகள் நிஜமாகவே சுட்ட களிமண். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு முன்னால் உயிருள்ள புறாக்களைப் பெட்டியில் அடைத்துத் திறந்துவிட்டுச் சுட்டிருக்கிறார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. அந்தப் பெட்டியின் பெயர்தான் ட்ராப். இன்றும் ரேஞ்சில் தட்டை ‘பர்ட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில் 35 மீட்டரில் ஒரு பெரிய வெள்ளைக் காகிதத்தை வைத்து ஒரு சுடு. நடுவில் குறி வைத்தேன். முந்நூறு சொச்சம் குண்டுகளில் பெரும்பாலானவை கீழே போய் விழுந்திருந்தன. பாய் சொன்ன பாக்கி விஷயம் இதுதான். ஷாட்கன்னில் ரைஃபிள் போலப் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. கட்டையின் மேல்விளிம்பு அப்பாருவின் நீளமான முகத்துக்குத் தாழ்ந்திருந்தது. என் கன்னம் அதில் படிந்தால் கண் கீழே போனது, குண்டும் கீழே போனது. கட்டையின் மேல் கயிறு கோத்துக் கட்டும் ஒரு தோல் உறையும், அதற்குள் சொருக மெல்லிய அட்டைகளும் பாய் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரு அட்டை, ஒரு சுடு. இன்னோர் அட்டை, இன்னொரு சுடு. மூன்றாவது அட்டையில் குண்டுகள் நடுவுக்கு வந்தன. கழற்றினால் சுவடே இருக்காது.

ஒரு சுற்றுக்கு 25 தட்டு. கிளம்பும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். இடமா, வலமா, நேரா என்று முன்கூட்டித் தெரியாது. என் முதல் தட்டு பறந்தது. விசையை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தேன். தட்டு தூரத்துப் புல்லில் பத்திரமாகப் போய் இறங்கியது.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் ஒரு வழக்கம். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பாதுகாப்புப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். போட்டித் துப்பாக்கிகளில் இது இருக்காது. உள்ளே ஒரு சின்னக் கம்பியை எடுத்துவிட்டால் தானாக விழாது என்று பாய் பிறகு சொன்னார். யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 70 மி.மீ. தோட்டாவைப் போட்டுப் பார்த்து ‘சரி’ என்று சொன்ன ஆள் நான். என்னை நம்புவதைவிட அந்தப் பூட்டை நம்பலாம். இப்போது தட்டு கேட்கும் முன் கட்டைவிரலால் முன்னே தள்ளுவது பழக்கமாகிவிட்டது. ஆனாலும் எப்போதாவது ஒரு தட்டை அது காப்பாற்றிவிடும்.

முதல் நாள் 25-க்கு மூன்று.

அடுத்த முறை அப்பாருவையும் காரில் கூட்டிப் போனேன். காதில் பஞ்சுபோல எதையோ அடைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கையில் லட்சக்கணக்கில் விலையுள்ள, குழல் மேலும் கீழுமாக அமைந்த இத்தாலியத் துப்பாக்கிகள். பக்கவாட்டுக் குழல் என்னுடையது மட்டும்தான். ஐந்தாறு தட்டு பறந்த பிறகு சத்தமாகச் சொன்னார்:

“அப்படியே கௌதாரி மாதிரியே எந்திரிக்குது!”

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் அவர் கௌதாரி சுட்டிருக்கிறார். அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “நீ அது இருக்கற எடத்தச் சுடற. நீ சுடறக்குள்ள அது அங்க இருக்காது. போற எடத்துக்கு முன்னால போயி நிக்கோணும். சுட்டுப்போட்டும் கைய நிறுத்தாத.”

முப்பது மீட்டரைக் கடக்க குண்டுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் குறுக்கே போகிற தட்டு ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். பயிற்சியாளர் இதையே கணக்காகச் சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்தது கௌதாரியில்தான். அன்றைக்கு ஒன்பது. இதுவரை என் அதிகபட்சம் 25-க்கு 14. சர்வதேச வீரர்கள் 125-க்கு 120-க்கு மேல் சுடுகிறார்கள். நான் எந்தப் பதக்கத்துக்கும் போகப் போவதில்லை என்று எனக்கே தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால்...

பழைய துப்பாக்கி உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழுது, மாற்றம் எதுவானாலும் அதற்கு உரிமம் பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டுப் பக்கத்து லேத்தில் கொடுப்பது குற்றம், ஆபத்தும்கூட. அறையின் நீளத்தை அளக்காமல் ஒரு தோட்டாகூட வாங்காதீர்கள். உள்ளே போகிறது என்பதற்காக அது சரியான தோட்டா ஆகிவிடாது.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். இந்த முறை நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே போர்வை. ரசீதில் என் பெயர். ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரித்விராஜ் தொண்டைமான் சுட்டதை அப்பாருவும் நானும் என் போனில் பார்த்தோம். இறுதிச் சுற்றுக்கு அவர் போக முடியவில்லை. “கெடக்குது உடு, அடுத்த தடவ” என்றார் அப்பாரு, பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டதைப் போல.

அன்றைக்குத்தான் அந்த ஈட்டி மரத்துண்டைக் கேட்டேன். பாய் கழற்றிக் கொடுத்ததை நான் பட்டுத்துணியில் சுற்றி அவரிடம் கொடுத்திருந்தேன். கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

அப்பாரு தான் படுத்திருந்த கட்டிலின் கீழே கைகாட்டினார். குனிந்து பார்த்தேன். ஒரு காலுக்கு அடியில் அண்டை கொடுத்திருந்தார்.

“என்னுங்க அப்பாரு இது, ஞாபகமா வெச்சுக்கச் சொல்லிக் குடுத்தேன்.”

கட்டிலைக் கையால் ஒருமுறை ஆட்டிக் காட்டினார்.

“ஆடாம நிக்குதுல்ல அம்மிணி?”